கட்டைவிரலின் பன்னிரண்டு வாரங்கள்: டெரெக் பெய்லியின் ‘கார்பல் டனல்’ இசைத்தட்டு

இந்த இசைத்தட்டில் ஆறு பகுதிகள் இருக்கின்றன. முதற்பகுதியின் தலைப்பு ‘விளக்கமும் நன்றியும்’ என்று பொருள்படும். மற்ற ஐந்தும் ‘மூன்று வாரங்களுக்குப் பிறகு’, ‘ஐந்து வாரங்களுக்குப் பிறகு’, பின்னர் ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்று வாரக் கணக்கை மட்டுமே தலைப்பாகத் தாங்கியிருக்கின்றன. எதற்குப் பிறகு என்பதைத் தலைப்பு சொல்வதில்லை. நியூயார்க்கில் இசைக்கலைஞர் ஜான் சோர்ன் நடத்தும் ட்சாடிக் இசைத்தட்டு நிறுவனம் 2005இல் வெளியிட்ட ‘கார்பல் டனல்’, ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் டெரெக் பெய்லி உயிரோடிருந்தபோது வெளிவந்த கடைசி இசைத்தட்டாகும். அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அவர் லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 75.

நான் தென்னாப்பிரிக்காவின் தர்பனில், சாட்ஸ்வர்த்தில் குடியிருப்பவன். இருபத்திரண்டு ஆண்டுகள் கல்யாண வீடுகளில் ஆர்கெஸ்ட்ராவோடு கிட்டார் வாசித்தேன். தமிழ்ப் பாட்டு, இந்திப் பாட்டு, பந்தி நடக்கும்போது பழைய ஆங்கில நடனப் பாட்டு என்று யார் எதைக் கேட்டாலும் வாசித்துக் கொடுத்துவிட்டு, நள்ளிரவில் பிரியாணிப் பொட்டலத்தோடு வீடு திரும்புவதே என் சனிக்கிழமைகளாக இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலக்கையில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் தூக்கத்தில் மரத்துப்போகத் தொடங்கின. மருத்துவர் இரு மணிக்கட்டுகளையும் மடக்கி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இந்த இசைத்தட்டின் பெயரையே நோயின் பெயராகச் சொன்னார். ஆகவே இதை நான் நடுநிலையான காதோடு கேட்டேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

பெய்லியின் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அவரை எங்கோ தனி உலகில் வாழ்ந்த விந்தை மனிதராகக் காட்டிவிடுவதுண்டு. உண்மையில் அவர் என்னைப்போலவே கூலிக்கு வாசித்தவர். 1930இல் ஷெஃபீல்டில், தலைமுறை தலைமுறையாக இசையால் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, பத்து வயதளவில் கிட்டாரைக் கையிலெடுத்து, நடன அரங்குகளிலும் கேளிக்கை விடுதிகளிலும் வானொலியிலும் தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞர்களுக்குப் பின்னணியாகவும் பல ஆண்டுகள் வாசித்துச் சம்பாதித்தவர். 1963இல் தாளக் கலைஞர் டோனி ஆக்ஸ்லியோடும், அப்போது டபுள் பாஸ் வாசித்துக்கொண்டிருந்த கேவின் பிரையர்ஸோடும் மூவராகச் சேர்ந்து, ஜாஸில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டு, தாளக்கட்டு, சுருதி ஆதாரம் ஆகிய எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாசிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1966இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர், 1970இல் ஆக்ஸ்லி, சாக்ஸஃபோன் கலைஞர் எவன் பார்க்கர் ஆகியோரோடு சேர்ந்து இன்கஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். எல்லாப் பாட்டையும் வாசிக்கத் தெரிந்தவர் எந்தப் பாட்டையும் வாசிக்க மறுத்ததைத் திறமைக் குறைவு என்று சொல்ல யாருக்கும் வாய்ப்பில்லை. ஐந்நூறு கல்யாணங்களில் ஒரே முகூர்த்தப் பாட்டை வாசித்தவனுக்கு அந்த மறுப்பு கொஞ்சம் புரியவே செய்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இசையை ஆலாபனையோடு ஒப்பிட்டு அறிமுகப்படுத்துவது எளிது. ஆனால் அந்த ஒப்பீடு பாதி வழியில் நம்மை இறக்கிவிட்டுவிடும். ஆலாபனையிலும் தானத்திலும் மிருதங்கம் இல்லை, சாகித்தியம் இல்லை, வாசிப்பவர் அந்த நேரத்தில் தோன்றுவதை விரிக்கிறார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நல்ல வித்வான் இரண்டு பிடிகளுக்குள் ராகத்தின் முகத்தைக் காட்டிவிடுவார். சபையில் முன்வரிசையில் இருப்பவர்கள் ‘தோடி’ என்று முணுமுணுத்துத் தலையை அசைத்துக் கொள்வார்கள். பெய்லியின் இசையில் அந்தத் தலையசைப்புக்கே இடமில்லை. ஒரு சொற்றொடர் எதையாவது நினைவூட்டத் தொடங்கியதும் அடுத்த ஸ்வரம் அதைக் கலைத்துவிடும். எந்த இசைமரபின் பேச்சுவழக்கையும் சாராத மனோதர்மம் என்பது அவரே வகுத்துக்கொண்ட கருத்து. 1980இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இந்திய இசை, ஃப்ளமெங்கோ, பரோக் இசை, தேவாலய ஆர்கன் ஆகியவற்றில் மனோதர்மம் எப்படி இயங்குகிறது என்பதைக் கலைஞர்களோடு பேசியே விளக்கியிருக்கிறார். மரபு என்ன என்பதைத் தெரிந்துகொண்டுதான் அதிலிருந்து வெளியே நின்றார்.

வெளியே நிற்பதற்கு அவர் கையாண்ட வழிகள் எல்லாம் கிட்டார் வாசித்த எவருக்கும் பிடிபடக் கூடியவையே. அடுத்தடுத்து வர வேண்டிய இரண்டு ஸ்வரங்களில் ஒன்றை இரண்டு ஸ்தாயி தள்ளித் தூக்கிப் போடுவார். ஒரு ஸ்வரத்தை அழுத்தி வாசித்தால் அடுத்ததைத் திறந்த தந்தியிலும், அதற்கடுத்ததை விரலைத் தந்தியின் மேல் பட்டும் படாமலும் வைத்து எழுப்பும் மணியோசையாகவும் வாசிப்பார். தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜுக்குப் பின்னால், வாசிப்பதற்கே உரியதல்லாத இடத்தில், தந்தியின் சின்னத் துண்டை மீட்டுவார். ஒரே கருவியிலிருந்து வந்தாலும் ஒவ்வொரு ஒலிக்கும் வேறு வேறு நிறம் இருப்பதால், அவற்றைக் கோத்து மெட்டாக்கிக் கொள்ள நம் காதால் முடிவதில்லை. இவ்வளவையும் செய்துகாட்டியது அவர் வலக்கையில் இருந்த பிக், அதாவது தந்தியை மீட்டப் பயன்படும் தட்டையான சிறு துண்டு.

அந்தச் சிறு துண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இசைத்தட்டே அது இல்லாமற்போனதைப் பற்றியது. பிக் தந்தியில் பட்டதும் ஒலிக்கு ஒரு விளிம்பு கிடைக்கிறது. ஸ்வரம் பிறக்கும் கணம் கத்தி நறுக்கியதுபோல் துல்லியமாக இருக்கும். பெய்லியின் பழைய பதிவுகளில் அந்த விளிம்புதான் எலும்புக்கூடு. அவர் ஸ்வரங்களுக்கிடையே உறவு இல்லாததுபோலத் தோன்றினாலும், எல்லாவற்றையும் ஒரே கூர்மையான கை தொட்டிருக்கிறது என்பது நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். பிக்கைப் பிடிப்பது கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து செய்யும் வேலை. மூக்குப்பொடி எடுப்பதுபோன்ற பிடிதான், ஆனால் மணிக்கணக்கில் தளராமல் இருக்க வேண்டும். அவருடைய வலக்கை அந்தப் பிடியை இழந்தது. மணிக்கட்டு எலும்புகள் தரையாகவும் குறுக்கே கிடக்கும் தசைநார் கூரையாகவும் அமைந்த, கார்பல் டனல் என்னும் ஒரு குறுகிய பாதையில், ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளங்கைக்குள் போகின்றன. இடம் குறையும்போது முதலில் நசுங்குவது நரம்பு. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு என்பதால் அது தப்பித்துவிடும். கூரையை அறுத்து இடம் உண்டாக்குவதுதான் அறுவைசிகிச்சை. பெய்லி அதற்கு ஒப்பவில்லை. கோளாற்றைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைத் தேடுவதிலேயே அவருக்கு நாட்டம் இருந்தது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நேரடியாகத் தந்தியில் போட்டு, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, கிட்டாரை மறுபடியும் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். அப்போது அவர் வசித்துவந்தது பார்சிலோனாவில்.

முதற்பகுதியில் அவர் பேசுகிறார். கிட்டாரை வாசித்துக்கொண்டே, கைக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒரு நண்பருக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறார். குரலில் முறையீடு இல்லை. வண்டி பழுதானதைச் சொல்லும் தொனிதான். பேச்சும் வாசிப்பும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதில்லை, ஒன்றுக்கொன்று வழிவிடுவதும் இல்லை. ஒரே வாசலில் எதிரும் புதிருமாக நடக்கும் இருவரைப்போல உரசிக்கொண்டே போகின்றன. இதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது வார்விக் சந்திப்பு. தர்பனின் அந்தச் சந்தை நெரிசலில் ஜூலு மக்களின் மஸ்கண்டி இசைக்கலைஞர்கள் வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு, பாட்டின் நடுவே அவர்கள் கிட்டாரை நிறுத்தாமலே மூச்சுவிடாத வேகத்தில் தம் ஊரையும் குலத்தையும் சொல்லிக்கொண்டு போகும் ‘இஸிபோங்கோ’ தெரிந்திருக்கும். பாட்டு தொடங்குவதற்கு முன் கருவியின் சுருதியையும் தம் கைவரிசையையும் காட்டத் தாளமில்லாமல் ஒரு வீச்சு வாசிப்பார்கள். அதற்கு ‘இஸிஹ்லாபோ’ என்று பெயர். அவர்கள் தந்தியைக் கிள்ளுவதும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும்தான். கட்டைவிரல் கீழ்ஸ்வரங்களைப் பார்த்துக்கொள்ள, சுட்டுவிரல் மேலே பாட்டை இழுத்துச் செல்லும். பெய்லி வயதான காலத்தில் வேறு வழியின்றி வந்து சேர்ந்த இரு விரல் முறை எங்கள் தெருவோரத்தில் வாழையடி வாழையாக இருந்துவருவது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஒருவரிடமிருந்து மற்றவர் எடுத்துக்கொண்டதும் இல்லை. ஆனாலும் மஸ்கண்டி வாசிப்பவரின் கட்டைவிரல் தன் வேலையில் ஒருபோதும் தயங்காது என்பதைத் தெரிந்துவைத்திருப்பவனுக்கு, பெய்லியின் கட்டைவிரல் தயங்குவது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

அந்தத் தயக்கம் முழுதாக வெளிப்படுவது ‘மூன்று வாரங்களுக்குப் பிறகு’ பகுதியில். இதை நான் பதினைந்து தடவைக்குக் குறையாமல் கேட்டிருப்பேன். ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. விரலின் சதை தந்தியில் படுவதால் விளிம்பு மழுங்கியிருக்கிறது. ஒலி பிறக்கும் கணம் தெளிவாக இல்லாமல், தண்ணீரில் மெல்ல அமிழும் பொருளைப்போல ஒலி வந்து சேர்கிறது. ஸ்வரங்களுக்கிடையே உள்ள இடைவெளிகள் பழைய பதிவுகளிலும் உண்டு. ஆனால் அங்கே அவை அவராக எடுத்துக்கொண்ட மௌனம். இங்கே சில இடைவெளிகளை அவர் எடுத்துக்கொள்கிறார், சிலவற்றைக் கை எடுத்துக்கொள்கிறது. எது எது என்று பிரித்தறிய முடியவில்லை. சிக்கனம் எது, இயலாமை எது என்று தெரியாத அந்த இடத்தில்தான் இந்த இசைத்தட்டு மற்றெந்தக் கிட்டார் பதிவும் எனக்குத் தராத ஒன்றைத் தருகிறது. கேட்பவர் மதிப்பெண் போட முடியாமல் போய்விடுகிறார். தவறு இது என்று சொல்ல நமக்கு ஒரு ராகமோ மெட்டோ இல்லை. சரியாகத்தான் வாசித்தார் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

ஒரு மாலை நான் இதைக் கூடத்தில் ஓடவிட்டிருந்தபோது அம்மா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தவர். இசைத்தட்டைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

“யாரு தம்பி இது, கை சரியில்லாதவரா?”

“எப்படிம்மா தெரிஞ்சது?”

“ஒவ்வொன்னுக்கும் கையைக் கேட்டுக் கேட்டுப் போறாரே. கடைசி வருசம் நானும் ஊசியில நூலு கோக்க இப்படித்தான் நிறுத்தி நிறுத்திப் போவேன்.”

அம்மாவுக்கு இந்த இசை பிடித்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். அது நேர்மையான விமர்சனம் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் கையைக் கேட்டுக் கேட்டுப் போவது என்று அவர் சொன்னதைவிடச் சரியாக இந்தப் பகுதியை யாரும் விவரித்துவிட முடியாது என்று தோன்றுகிறது.

ஐந்தாம் வாரமும் ஏழாம் வாரமும் எனக்கு ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று சொல்லிவிடுவேன் என்று பந்தயம் கட்ட மாட்டேன். கேட்டதை வைத்துச் சொல்வதானால், இவற்றில் கை கொஞ்சம் துணிவு பெறுகிறது. சுட்டுவிரலும் கட்டைவிரலும் ஒரே சமயத்தில் இரு தந்திகளைக் கிள்ளும்போது பிறக்கும் இரட்டை ஒலிகள், பிக்கால் எளிதில் வாசிக்க முடியாதவை. இழப்பு கொண்டுவந்த வரவு என்று இவற்றைக் குறித்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வாரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. சில நிமிடங்கள் தன்னையே சுற்றிச் சுற்றி வருவதாகப் பட்டது. ஆறு பகுதிகளில் ஒன்றை விட்டுவிடச் சொன்னால் இதைத்தான் விடுவேன்.

பன்னிரண்டாம் வாரத்துக்கு வரும்போது கேட்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தலைப்புகள் நம்மை ஏமாற்றக் கூடியவை. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்று எண்கள் ஏறிக்கொண்டு போவதால், கையும் தேறிக்கொண்டு வருகிறது, கடைசியில் வெற்றி காத்திருக்கிறது என்று மனம் தானாகக் கதை கட்டிவிடுகிறது. நம் திரைப்படங்களில் விபத்தில் கையை இழந்த கலைஞன் கடைசிக் காட்சியில் மேடையேறி வாசிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மனம் அல்லவா? அப்படி ஒன்றும் இங்கே நடக்கவில்லை. பன்னிரண்டாம் வாரத்தின் வாசிப்பில் ஓட்டம் கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் மூன்றாம் வாரத்தைவிட அது சிறந்த இசையாக எனக்குத் தோன்றவில்லை. வேறான இசை, அவ்வளவே. முதலில் கையிடம் கேட்டுப் பெற்றதை இப்போது கேட்காமலே எடுத்துக்கொள்கிறார். அதில் ஒரு சௌகரியம் வந்துவிடுகிறது. பெய்லி வாழ்நாளெல்லாம் சந்தேகத்தோடு பார்த்தது அந்தச் சௌகரியத்தைத்தான். அவரே இந்தக் கடைசிப் பகுதியோடு நிறைவு கொண்டிருப்பாரா என்ற ஐயம் எனக்கு உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த இசைத்தட்டின் பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரே ஒரு தவறான நோய்க்கணிப்பு. மணிக்கட்டுப் பாதையில் நரம்பு நசுங்கியது என்று எண்ணப்பட்ட தளர்ச்சி, உண்மையில் மோட்டார் நியூரான் நோயின் தொடக்கம். தசைகளை இயக்கும் நரம்பணுக்களே ஒவ்வொன்றாக அழிந்துகொண்டு போகும் நோய் அது. மணிக்கட்டுக் கூரையை அறுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. அந்த நோய்தான் அவர் உயிரைக் கொண்டுபோனது. இதைத் தெரிந்துகொண்டு கேட்கிறவர்கள் இந்த ஐந்து பகுதிகளையும் பிரியாவிடைப் பாட்டுகளாகக் கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு மௌனத்திலும் மரணம் எட்டிப் பார்ப்பதாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாசித்தவர் வாரங்களை எண்ணியது ஒரு சில்லறைத் தொல்லையைச் சமாளிக்கும் கணக்கில்தான். தச்சர் பலகையின் பின்புறம் பென்சிலால் தேதி குறித்து வைப்பதைப்போலத் தன் வேலையைத் தேதியிட்டிருக்கிறார். சாவுக்கு முன்னால் வாசிக்கிறோம் என்று தெரிந்து வாசித்திருந்தால், நன்றி சொல்லித் தொடங்கும் அந்த முதற்பகுதியில் அவ்வளவு சாதாரணமான குரல் வந்திருக்காது. நமக்குத் தெரிந்ததை அவர் வாசிப்புக்குள் திணித்துக் கேட்பது, அவர் கையில் இல்லாத பிக்கை நாமே கொண்டுபோய்ச் செருகுவதற்குச் சமம்.

என்னுடைய கை அறுவைசிகிச்சைக்குப் பிறகு முக்கால்வாசி சரியாகிவிட்டது. இதைச் சொல்வது ஒப்பிட்டுக்கொள்வதற்காக இல்லை. தையல் பிரித்த மூன்றாம் வாரத்தில் நானும் பிக் இல்லாமல் கட்டைவிரலால் வாசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பாட்டுகள் எல்லாம் கெட்டுப்போன பாட்டுகளாக வந்தன. பாட்டே இல்லாத ஒருவரிடம் மட்டும்தான் கெட்டுப்போக எதுவும் இருக்காது என்பது அன்றைக்கு உறைத்தது. அறுபதுகளில் அவர் கழற்றி வைத்ததெல்லாம் இந்த வயதில் அவருக்கு எப்படி உதவியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பகுதிகளைத் திரும்பவும் போட்டுக் கேட்டேன்.

பெய்லியை இதுவரை கேளாதவர்கள் இந்த இசைத்தட்டில் தொடங்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. எதை இழந்தார் என்று தெரியாமல் இழப்பைக் கேட்பதில் பயனில்லை. முதலில் 1980இல் பாரிஸிலும் லண்டனிலும் மேடையில் பதிவான ‘ஐடா’வைக் கேட்க வேண்டும். மூன்றே பகுதிகள்; பிக்கின் கூர்மை எப்படி ஒரு நீண்ட வாசிப்பைக் கட்டித் தூக்கி நிறுத்துகிறது என்பதை அதைப்போல வேறெந்தப் பதிவும் காட்டாது. பாட்டு இல்லாமல் தவிப்பவர்களுக்கு 2002இல் இதே ட்சாடிக் வெளியிட்ட ‘பாலட்ஸ்’ இருக்கிறது. பழைய ஜாஸ் காதல் பாட்டுகளை எடுத்துக்கொண்டு, மெட்டை இரண்டு வரி மரியாதையாக வாசித்துவிட்டு, அதன் ஓரத்தைப் பிடித்து மெல்லப் பிரித்தெடுப்பார். கல்யாணத்தில் வாசித்தவர்களுக்கு அதில் ஒரு குறும்பு தெரியும். 1971இல் வெளிவந்த முதல் தனி இசைத்தட்டு வரலாற்றுக்காகக் கேட்க வேண்டியது. அதன் ஒரு பக்கத்தில் மற்றவர்கள் இயற்றிய உருப்படிகளையும் வாசித்திருக்கிறார், எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வறட்சியாகவே படுகிறது. இவற்றில் ‘ஐடா’வையாவது பத்து முறை கேட்ட பிறகு ‘கார்பல் டனல்’ இசைத்தட்டுக்கு வந்தால், மூன்றாம் வாரத்தின் முதல் ஸ்வரத்திலேயே கேட்பவருக்கு விஷயம் விளங்கிவிடும்.

ஒலிப்பதிவு எந்த அலங்காரமும் இல்லாதது. விரல் தந்தியில் உராய்வதும் கேட்கும் அளவுக்கு அருகில் இருக்கிறது. காரில் போகும்போது கேட்பதற்கு உதவாது. எம்-4 நெடுஞ்சாலையின் இரைச்சலில் பாதி இசை காணாமற்போய்விடும். ஹெட்ஃபோனில் கேட்டால் விரலின் உரசல் காதுக்குள்ளேயே நடப்பதுபோல ஆகிவிடுகிறது, அது எனக்கு அதிகம். சின்ன ஸ்பீக்கரில், அறையின் மறுகோடியில் உட்கார்ந்து, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்பதே பொருத்தமாக இருந்தது. மின்வெட்டு நேரத்தில் பேட்டரியில் ஓடவிட்டுக் கேட்டபோது பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் இடைவிடாமல் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. தம்புரா இல்லாத இசைக்கு வலிய வந்து ஆதார சுருதி கொடுத்த அந்த ஜெனரேட்டரோடு பெய்லியின் ஸ்வரம் ஒன்றுகூடச் சேரவில்லை என்பதை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ரசித்தேன்.

பழைய பிரதி ஒன்றை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்தது. கொண்டுவந்து சேர்த்த கூரியர் நிறுவனம் எடுத்துக்கொண்டது ஏழு வாரம். சுங்கவரியாக அவர்கள் கேட்ட தொகை இசைத்தட்டின் விலையில் பாதி. உறையின் ஒரு மூலையும் நொறுங்கியிருந்தது. தட்டில் கீறல் இல்லை. அம்மா நொறுங்கிய மூலையைத் தையல் டேப்பால் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த ஒட்டு, கேஸைத் திறக்கும்போதெல்லாம் கட்டைவிரலில் படுகிறது.